பரம்பரையலகும் காலமும்: எச்.ஐ.வி. ஆய்வில் ஒரு புதிய ஊழ்வாதம்

திருக்குறளில் ஊழுக்கு ஓர் அதிகாரம் உண்டு; ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் உண்டு. இவ்விரண்டில் எது வலியது என வாதிடுவது நமது பட்டிமன்ற மேடைகளில் நெடுங்காலமாக நிகழ்ந்துவரும் ஒன்று. விஞ்ஞானம் பயிலும் மாணவர் அம்மேடைகளில் பெரும்பாலும் ஊழை எள்ளி நகையாடும் அணியிலேயே இடம்பெறுவர். அவ்வாறு நகையாடியவர்களே, அப்பழைய சரக்குப் 'பரம்பரையலகு' என்னும் புதிய உறையில் இடப்பட்டு ஆய்வுகூடத்திலிருந்து வெளிவரும்போது, அதனைக் கேள்வியின்றி ஏற்றுக்கொள்வது வியப்புக்குரியது.

எச்.ஐ.வி. நோய் பற்றி எழுதுவோரிடையும் பேசுவோரிடையும் இன்று பரவலாகக் காணப்படும் கருத்து ஒன்றுண்டு. சிலருடைய உடலில் அந்நோய்க்கு இயற்கையான தடை இருக்கின்றது. வேறு சிலருடைய உடல் பிறப்பிலேயே அதற்கு இடங்கொடுப்பதாய் அமைந்துவிட்டது. ஆகவே ஒவ்வொருவரின் பரம்பரையலகுகளையும் படித்தறிந்த பின்னர் யாருக்கு எப்போது மருந்து தொடங்குவது எனத் தீர்மானிப்பதே விஞ்ஞான முறையாகும் என்பது அக்கருத்து. இதன் முதற்பகுதி உண்மை. அதிலிருந்து இரண்டாம் பகுதி பெறப்படுவதாகக் கொள்வதுதான் பிழை. மருந்து எப்போது தொடங்கப்பட வேண்டும் என்ற வினாவுக்கு நாற்பதாண்டு கால ஆய்வு ஒரு விடையைத் தந்துள்ளது. அவ்விடையில் பரம்பரையலகுக்கு இடமில்லை. இதனை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

உண்மையான பகுதியை முதலில் எடுத்துக்கொள்வோம். எச்.ஐ.வி. வைரசு மனித உடலின் சீ.டீ.4 கலங்களுள் புகுவதற்கு, அக்கலங்களின் மேற்பரப்பிலுள்ள சீ.டீ.4 என்னும் வாங்கி மட்டும் போதாது. துணை வாங்கி ஒன்றும் வேண்டும். பெரும்பாலும் அத்துணையாக அமைவது சீ.சீ.ஆர்.5 என்னும் புரதம். இப்புரதத்துக்குரிய பரம்பரையலகில் 32 மூலச்சோடிகள் அற்றுப்போன ஒரு விகாரம் உண்டு என்பது 1996இல் தெரியவந்தது. தாய் தந்தை இருவரிடமிருந்தும் இவ்விகாரத்தைப் பெற்ற ஒருவரின் கலங்களில் அவ்வாயில் அடைபட்டிருக்கும். வட ஐரோப்பிய வழிவந்தோருள் ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவர் இத்தகையோர். ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றோர் ஏறக்குறைய நூற்றுக்குப் பத்துப்பேர். அவர்களுக்குத் தொற்று ஏற்படலாம், ஆயினும் நோய் சற்று மெதுவாகவே முற்றும். ஆபிரிக்காவிலும் கிழக்காசியாவிலும் இவ்விகாரம் இல்லை என்றே கூறலாம். தெற்காசியரிடையிலும் மிக அரிது. உலகில் இந்நோய் மிகுதியாக வாட்டும் மக்களிடம் இல்லாத ஒரு பாதுகாப்பே பாடநூல்களில் முதலிடம் பெற்றுள்ளது என்பதைப் போகிற போக்கிற் குறித்துக்கொள்வோம்.

இரண்டாவது, எச்.எல்.ஏ. தொகுதி. கலத்தினுள்ளே இருக்கும் வைரசுப் புரதத்தின் துண்டுகளை வெளியே எடுத்துக்காட்டி, நிர்ப்பீடனத் தொகுதியின் கொல்லிக் கலங்களுக்கு எச்சரிக்கை விடுப்பது இதன் தொழில். எச்.எல்.ஏ.-பி 57, எச்.எல்.ஏ.-பி 27 ஆகிய எதிருருக்களை உடையோரிடம் வைரசு பெரும்பாலும் அடங்கியிருக்கும். பி 35இன் சில வகைகளை உடையோரிடம் நோய் விரைந்து முற்றும். மருந்தின்றியே வைரசைக் கட்டுப்படுத்தி வைத்திருப்போரைப் பற்றி 2010இல் வெளிவந்த பெரிய சர்வதேச ஆய்வு, எச்.எல்.ஏ.-பி புரதத்தில் வைரசுத் துண்டைப் பற்றிக்கொள்ளும் பள்ளத்திலுள்ள ஒருசில அமினோ அமிலங்களே இவ்வேறுபாட்டிற் பெரும்பங்கு வகிக்கின்றன எனக் காட்டியது. அழகான ஆய்வு; ஐயமில்லை. ஆனால் இவையனைத்தையும் கூட்டினாலும், சிகிச்சை பெறாத ஒருவரின் குருதியில் வைரசின் அளவு ஆளுக்காள் வேறுபடுவதில் ஏறக்குறைய காற்பங்கையே மனிதப் பரம்பரையலகுகளால் விளக்க முடிகின்றது என 2015இல் வெளிவந்த கணிப்பு ஒன்று கூறுகின்றது. எஞ்சிய முக்காற்பங்கு வைரசின் இயல்பிலும் பிற காரணிகளிலும் தங்கியுள்ளது.

அக்காற்பங்கும் நிலையானதன்று. ஊழ்வாதிகள் எப்போதும் மறந்துவிடும் செய்தி இது. மனிதனின் பரம்பரையலகு அவனுடைய ஆயுட்காலத்தில் மாறுவதில்லை. வைரசோ நாள்தோறும் மாறுகின்றது. யப்பானில் எச்.எல்.ஏ.-பி 51 உடையோர் பலர். முன்னர் அவர்களுக்குப் பாதுகாப்பாயிருந்த அவ்வெதிருருவை ஏய்க்கும் விகாரத்தைப் பெற்ற வைரசே அங்கு பெருமளவிற் பரவிவிட்டது என 2009இல் வெளியான ஆய்வு காட்டியது. பொட்ஸ்வானாவில் எச்.எல்.ஏ.-பி 57இன் பாதுகாப்பும் இவ்வாறே தேய்ந்துவிட்டமையை 2014இல் வெளியான ஆய்வு எடுத்துரைத்தது. நைரோபியின் பும்வானிப் பகுதியில் 1985 முதல் அவதானிக்கப்பட்டுவந்த பாலியற் தொழிலாளப் பெண்களுட் சிலர், ஆண்டுக்கணக்கில் தொற்றுக்கு ஆட்பட்டும் நோயடையாதிருந்தனர். உலகமே அவர்களைத் 'தடை பெற்றோர்' என்று கொண்டாடியது. பின்னர் அவர்களுள்ளும் சிலர் தொற்றுக்கு ஆளாயினர். தொழிலைச் சிறிது காலம் நிறுத்தியிருந்தமை அதனோடு தொடர்புடையதாகக் காணப்பட்டது. பிறப்போடு வந்த வரம் எனக் கருதப்பட்ட ஒன்று, இடைவிடாது தூண்டப்பட்ட நிர்ப்பீடனத்தின் விளைவாக இருந்திருக்கலாம் என்ற எண்ணம் அப்போதுதான் எழுந்தது.

சீ.சீ.ஆர்.5 விகாரத்தின் புகழுக்குப் 'பேர்லின் நோயாளி' எனப்பட்ட ரிமதி றே பிறவுன் ஒரு காரணம். குருதிப் புற்றுநோய்க்காக 2007இல் அவருக்கு அவ்விகாரமுடைய ஒருவரின் என்புமச்சைக் கலங்கள் மாற்றீடு செய்யப்பட்டன, எச்.ஐ.வி. அவருடலிலிருந்து மறைந்தது. அது விஞ்ஞானத்தின் பெரும் வெற்றி என்பதை மறுப்பவன் நானல்லன். ஆனால் உயிராபத்து நிறைந்த அச்சிகிச்சை, வேறொரு கொடிய நோய்க்காகச் செய்யப்பட்டது. கோடிக்கணக்கானோருக்கு அது வழியாகாது. அவ்வெற்றியின் நிழலில் 2018இல் நிகழ்ந்ததையும் நினைவுகூர வேண்டும். சீன ஆய்வாளர் ஹே ஜியான்குய், பிறக்கப்போகும் குழந்தைகளின் சீ.சீ.ஆர்.5 பரம்பரையலகைக் கருவிலேயே வெட்டித் திருத்தினார். தந்தையிடமிருந்து குழந்தைக்குத் தொற்றுவதைத் தடுக்க எளிய, நிறுவப்பட்ட வழிகள் இருந்த நிலையில் இது செய்யப்பட்டது. 2019 இறுதியில் அவருக்கு மூன்றாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அதே ஆண்டில், இவ்விகாரத்தை இருபுறமும் பெற்றோர் விரைவில் இறக்கின்றனர் எனக் கூறிய கட்டுரையொன்று பெரும் பரபரப்போடு வெளிவந்து, கணிப்பிற் பிழை காணப்பட்டமையால் சில மாதங்களில் மீளப்பெறப்பட்டது. வரமென்றவர்களும் சாபமென்றவர்களும் ஒரே அவசரத்தில் இருந்தனர்!

இனி, நமது விவாதத்தின் மையத்துக்கு வருவோம். ரெக்சாஸ் மாநிலத்துச் சான் அன்ரோனியோ நகரை மையமாகக் கொண்ட ஆய்வுக்குழு ஒன்று, சீ.சீ.எல்.3எல்.1 என்னும் பரம்பரையலகின் பிரதிகள் ஒருவரிடம் எத்தனை உள்ளன என்பதைக் கொண்டு எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பையும் நோய் முற்றும் விரைவையும் மதிப்பிடலாம் என 2005இல் 'சயன்ஸ்' இதழில் எழுதியது. 2008இல் அக்குழு ஒருபடி மேலே சென்றது. இப்பரம்பரையலகும் சீ.சீ.ஆர்.5உம் சேர்ந்த அமைப்பு, மருந்து தொடங்கிய பின்னர் சீ.டீ.4 கலங்கள் மீண்டெழும் அளவையும் நிர்ணயிக்கின்றது. ஆகவே முன்னதாக மருந்து தொடங்கப்பட வேண்டியவர்களை இவ்வமைப்பைக் கொண்டு முன்கூட்டியே இனங்காணலாம் என்று அது மொழிந்தது. மருந்தின் காலத்தைப் பரம்பரையலகோடு முடிச்சிட்ட வாதங்களுள் இதுவே மிக வெளிப்படையானது எனலாம்.

இவ்வாதத்துக்கு நேர்ந்தது என்ன? 2009இல் பல்வேறு ஆய்வுக்குழுக்கள், தத்தம் நோயாளிகளிடம் இத்தொடர்பைத் தேடிக் காணவில்லை என அறிவித்தன. பிரதிகளை எண்ணப் பயன்பட்ட முறையே நம்பகமானதன்று எனச் சில குழுக்கள் எடுத்துக்காட்டின. மூல ஆய்வாளர் மறுமொழி எழுதினர். பிணக்கு முற்றாகத் தீரவில்லை. ஆயினும் அப்பிணக்கை ஒருபுறம் வைத்துவிட்டு, அவர்களுடைய முடிவு முற்றிலும் சரியென்றே ஒரு பேச்சுக்கு ஏற்றுக்கொள்வோம். அவ்வாறு ஏற்றுக்கொண்டாலும் அவர்களது வாதம் நிற்காது. ஏனெனில், பரம்பரையலகின் செல்வாக்குச் சிறப்பாகத் தென்பட்டது, சீ.டீ.4 அளவு 350க்குக் கீழே வீழ்ந்த பின்னர் மருந்து தொடங்கியவர்களிடமே என்று அவ்வாய்வே கூறுகின்றது. இதன் பொருள் யாது? காலந்தாழ்த்தியவிடத்துப் பரம்பரையலகு பேசுகின்றது. காலத்தோடு தொடங்கியவிடத்து அதன் குரல் தாழ்கின்றது. இம்முடிவிலிருந்து பெறவேண்டிய பாடம், எல்லோருக்கும் முன்னதாகத் தொடங்குக என்பதேயன்றி, யாருக்கு முன்னதாகத் தொடங்கலாம் எனத் தெரிவுசெய்க என்பதன்று. அதே குழுவினர் பலர் பங்குகொண்டு 2013இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு இதனை ஐயத்துக்கிடமின்றி உரைத்தது. தொற்றேற்பட்டு நான்கு மாதங்களுள் மருந்து தொடங்கியோருள் நூற்றுக்கு 64 பேர் ஒரு கனமில்லிமீற்றருக்கு 900 சீ.டீ.4 கலங்கள் என்ற அளவை எட்டினர். பிந்தித் தொடங்கியோருள் நூற்றுக்கு 34 பேரே அதனை எட்டினர்.

காலம் பற்றிய வினாவின் வரலாற்றையும் நேர்மையோடு கூறவேண்டும். காலந்தாழ்த்தலை ஆதரித்த மருத்துவர் எல்லோரும் இரக்கமற்றோர் அல்லர். பிரித்தானியா, அயர்லாந்து, பிரான்சு ஆகிய நாடுகளில் 1,749 பேரிடம் நடந்து 1994இல் முடிவு வெளியான 'கொன்கோர்ட்' ஆய்வு, ஏ.இசட்.ரி. என்ற ஒற்றை மருந்தை முன்னதாகத் தொடங்குவதால் நிலையான நன்மை இல்லை எனக் காட்டியது. ஒற்றை மருந்துக்கு எதிராக வைரசு விரைவில் விகாரமடைந்தமையே காரணம். 1996இல் கூட்டுமருந்துச் சிகிச்சை வந்தபோது, விரைந்தும் வலிந்தும் தாக்குக என்ற குரலை டேவிட் ஹோ முதலியோர் எழுப்பினர். ஆனால் அக்காலத்து மருந்துகள் கொடியவை. நரம்புகளை வருத்தின, முகத்தின் கொழுப்பைக் கரைத்து நோயாளியை ஊரறியக் காட்டிக்கொடுத்தன. எனவே 'பொறுத்திருந்து பார்ப்போம்' என்ற நிலைப்பாடு மீண்டும் தலைதூக்கியது. அதற்கு அன்று நியாயம் இருந்தது.

அந்நியாயத்தை ஒவ்வொன்றாகத் தகர்த்தவை ஆய்வுகளே. சீ.டீ.4 அளவைப் பார்த்து மருந்தை நிறுத்தியும் தொடங்கியும் வரலாமா என 5,472 பேரிடம் வினவிய 'ஸ்மார்ட்' ஆய்வு 2006இல் இடைநிறுத்தப்பட்டது. மருந்தை நிறுத்தியோரிடம் இறப்பும் தொற்றுநோயும் மிகுந்தன. தென்னாபிரிக்கக் கைக்குழந்தைகளிடம் நடந்து 2008இல் வெளியான ஆய்வில், உடனடியாக மருந்து பெற்றோருள் நூற்றுக்கு 4 குழந்தைகளும், சீ.டீ.4 அளவு குறையும்வரை அல்லது அறிகுறி தோன்றும்வரை காத்திருந்தோருள் நூற்றுக்கு 16 குழந்தைகளும் இறந்தனர். ஹெயிற்றியின் தலைநகரில் 816 பேர் இரு கூறாக்கப்பட்டனர். 350க்குக் கீழ் வந்ததும் தொடங்கிய கூறில் 6 பேரும், 200 வரை காத்திருந்த கூறில் 23 பேரும் மாண்டனர். 2010இல் அது வெளியாயிற்று. ஈற்றில் 35 நாடுகளில் 4,685 பேரை உள்ளடக்கிய 'ஸ்ரார்ட்' ஆய்வு வந்தது. எல்லோரும் 500க்கு மேற்பட்ட சீ.டீ.4 அளவுடையோர், நலமாயிருப்பதாகத் தோன்றியோர். உடனே தொடங்கிய பிரிவில் 42 பேருக்கும், 350 வரை பொறுத்திருந்த பிரிவில் 96 பேருக்கும் கடும் நோயோ இறப்போ நேர்ந்தது. செல்வ நாடுகளிலும் வறிய நாடுகளிலும் நன்மை ஒரேயளவினதாயிருந்தது. ஐவரி கோஸ்ற்றில் நடந்த ஆய்வும் அதே ஆண்டில் அதே முடிவைத் தந்தது. 2015 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம், தொற்றுடைய அனைவருக்கும் சீ.டீ.4 அளவு யாதாயினும் மருந்து தொடங்கப்பட வேண்டும் என அறிவித்தது. இவ்வாய்வுகள் எவற்றிலும் எச்.எல்.ஏ. பார்த்தோ, வாங்கி பார்த்தோ ஆட்கள் இரு பிரிவாக்கப்படவில்லை. குலுக்கல் முறையிற் பிரிக்கப்பட்டனர். காலம் ஒன்றே வேறுபட்டது.

இங்கு ஒரு கணம் நின்று நோக்க வேண்டும். 2007 இறுதியில் அமெரிக்க நோயாளிக்கு எல்லைக்கோடு 350; உலக சுகாதார நிறுவனம் வறிய நாடுகளுக்கு 2006இல் வகுத்த பொது எல்லைக்கோடோ 200. ஹெயிற்றியில் மாண்ட அந்த 23 பேரும் இக்கோட்டுக்காகவே காத்திருந்தனர். வைரசு ஒன்று, மனித உடலும் ஒன்று, கோடு மட்டும் இரண்டு. அக்கோட்டை வரைந்தது பரம்பரையலகன்று, பணப்பை. கூட்டுமருந்தின் விலை 2000ஆம் ஆண்டளவில் ஒருவருக்கு ஆண்டொன்றுக்கு 10,000 டொலருக்கும் மேலாயிருந்தது. 2001இல் இந்தியாவின் சிப்லா நிறுவனம் அதனை 350 டொலருக்குத் தர முன்வந்தது. அதே ஆண்டில், மலிவு மருந்துக்கு வழிசெய்யும் சட்டத்தை எதிர்த்துத் தென்னாபிரிக்க அரசின் மீது வழக்குத் தொடுத்திருந்த 39 மருந்துக் கம்பனித் தரப்புகள், உலகின் கண்டனத்துக்கு அஞ்சி வழக்கைக் கைவிட்டன. அவ்வாண்டிலேயே, அமெரிக்காவின் வெளிநாட்டு உதவி நிறுவனத்தின் தலைவர் அன்ட்ரூ நற்சியோஸ், ஆபிரிக்கர் பலருக்குக் கடிகாரம் பார்த்துப் பழக்கமில்லை, ஆகவே வேளை தவறாது உண்ணவேண்டிய மருந்துகள் அங்கு பயன்படா என்ற கருத்தை வெளியிட்டார். காலம் பற்றிய விவாதம் இவ்வளவு கீழ்நிலைக்கும் இறங்கக்கூடும் என்பதற்கு இது சான்று. 2006இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மருந்தை முறையாக உட்கொண்டோர் ஆபிரிக்காவில் நூற்றுக்கு 77, வட அமெரிக்காவில் நூற்றுக்கு 55 எனத் தெரியவந்தது.

'அவர்களுடைய பழக்கம்' என்று அன்று கூறப்பட்ட இடத்தில் 'அவர்களுடைய பரம்பரையலகு' என்று இன்று கூறப்படுவதையே நான் அஞ்சுகின்றேன். சொல் மாறியுள்ளது, காத்திருக்குமாறு பணிக்கப்படுவோர் மாறவில்லை.

பரம்பரையலகு ஆய்வே வேண்டாம் என நான் கூறுவதாகச் சிலர் திரிக்கக்கூடும். அதற்கு உரிய இடம் உண்டு; அவ்விடத்தில் அது மிகச் சிறப்பாகவே பணிபுரிந்துள்ளது. அபக்கவிர் என்னும் மருந்தை உண்டோருள் சிலருக்கு உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை தோன்றும். எச்.எல்.ஏ.-பி 57:01 உடையோருக்கே அது நேர்கின்றது என்பதும், முன்கூட்டிப் பரிசோதித்தால் உறுதிப்படுத்தப்பட்ட ஒவ்வாமையை முற்றாகத் தவிர்க்கலாம் என்பதும் 2008இல் நிறுவப்பட்டன. தெற்காசியரிடையே அவ்வெதிருரு அரிதன்று. ஆகவே நமது மருத்துவர் இதனை அறிந்திருத்தல் அவசியம். எச்.எல்.ஏ.-பி 57 ஒருபுறம் வைரசை அடக்கும் வரம், மறுபுறம் ஒரு மருந்தால் உயிரை வாங்கும் சாபம் என்பதைப் 'நல்ல' பரம்பரையலகு, 'தீய' பரம்பரையலகு என்று பேசுவோர் சிந்திப்பார்களாக. சீ.சீ.ஆர்.5 பற்றிய அறிவிலிருந்தே 2007இல் மரவிரொக் என்னும் மருந்தும் பிறந்தது. எந்த மருந்து, எவ்வளவு என்னும் வினாக்களுக்குப் பரம்பரையலகு விடை கூறட்டும். எப்போது என்ற வினாவுக்கு விடை ஏற்கெனவே கிடைத்துவிட்டது.

எதிர்த்தரப்பின் இறுதிக் கணை, மருந்தின்றியே வைரசைக் கட்டுப்படுத்துவோர் பற்றியது. இயற்கையே காக்கும் அவர்களுக்கு வாழ்நாள் முழுவதும் மருந்து எதற்கு என்பர். அத்தகையோர் நூற்றுக்கு ஒருவரிலும் குறைவு. அவர்களுள்ளும் சிலர் காலப்போக்கில் அக்கட்டுப்பாட்டை இழக்கின்றனர். குருதியில் வைரசு தென்படாதபோதும் உடலில் அழற்சி நீடிப்பதுண்டு. அந்த ஒருவரை இனங்காண்பதற்காக ஏனைய தொண்ணூற்றொன்பது பேரின் சிகிச்சையை ஒரு பரிசோதனை அறிக்கை வரும்வரை தள்ளிவைப்பது எந்தத் தருக்கத்தின்பாற்படும்? மேலும், மருந்து உண்பவரை மட்டும் காப்பதன்று. 1,763 தம்பதியரிடம் நடந்த ஆய்வு, முன்னதாகத் தொடங்கிய சிகிச்சை துணைவருக்குத் தொற்றுவதை நூற்றுக்கு 96 அளவில் குறைத்ததென 2011இல் காட்டிற்று. பரம்பரையலகால் மெதுவாக நோயுறும் ஒருவர், அம்மெதுவான ஆண்டுகளில் தம் துணைக்கு வைரசைக் கையளிக்கக்கூடும் என்பதை ஊழ்வாதிகளின் கணக்கு சேர்த்துக்கொள்வதேயில்லை.

2024 இறுதியில் உலகில் எச்.ஐ.வி.யுடன் வாழ்ந்தோர் ஏறக்குறைய 4 கோடி 8 இலட்சம் பேர் என்றும், மருந்து பெற்றோர் 3 கோடி 16 இலட்சம் பேர் என்றும் ஐக்கிய நாடுகளின் எயிட்ஸ் அமைப்பு மதிப்பிட்டது. இடையிலுள்ள 90 இலட்சத்துக்கு மேற்பட்டோருக்கு மருந்து கிடைக்காமைக்கு அவர்களுடைய நிறமூர்த்தங்கள் காரணமல்ல. 2025 ஜனவரியில் அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவியை இடைநிறுத்தியபோது, ஆபிரிக்க நாடுகள் பலவற்றில் பரிசோதனை நிலையங்களும் சிகிச்சை நிலையங்களும் தடுமாறின. ஒரு கையொப்பம், சீ.சீ.ஆர்.5 விகாரம் எத்தனை தலைமுறையில் செய்ததையும்விட வேகமாக, யார் வாழ்வர் என்பதைத் தீர்மானிக்க முனைந்தது.

நமது நாட்டில் முதல் எச்.ஐ.வி. தொற்று 1987இல் அறியப்பட்டது. அரச மருத்துவ சேவையில் கூட்டுமருந்து 2004 முதல் வழங்கப்படலாயிற்று. தாயிடமிருந்து சேய்க்குத் தொற்றுவதை ஒழித்த நாடு என 2019இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்றளித்தது. கருப்பவதிகளின் குருதி மகப்பேற்றுச் சிகிச்சை நிலையங்களிற் பரிசோதிக்கப்பட்டு, தொற்றுடையோருக்கு உரிய வேளையில் மருந்து கிடைத்தமையால் வந்தது அது. அதே ஒழுங்கு ஆண்களுக்கும், மணமாகாத இளைஞருக்கும், புலம்பெயர்ந்து உழைத்துத் திரும்புவோருக்கும் இன்னும் எட்டவில்லை. ஊர்வாய்க்கும் பொலிசுக்கும் அஞ்சி, உடல் நலிந்த பின்னரே பரிசோதனைக்கு வருவோர் உளர். அவர்கள் இழக்கும் மாதங்களை மீட்பது பற்றி நமது மருத்துவபீடமும் சமூகவியற்றுறையும் சட்டத்துறையும் ஒன்றுகூடி ஒரு கருத்தரங்கை இப்பல்கலைக்கழகத்தில் ஏன் நடத்தவில்லை? பரம்பரையலகு பற்றிய சொற்பொழிவுகளுக்கு மண்டபம் நிறைகின்றது. இதற்கும் அம்மண்டபத்தை ஒரு மாலை திறந்துவிடலாம்.